இயற்பியல் ஆசிரியருக்கு யார் துணை?

மூன்று மின்சுற்றுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவதில் ஒரு மின்கலம், ஒரு பல்பு. இரண்டாவதில் அதே போன்ற மின்கலம், தொடரிணைப்பில் இரண்டு பல்புகள். மூன்றாவதில் பக்க இணைப்பில் இரண்டு பல்புகள். ஐந்து பல்புகளும் ஒரே மாதிரியானவை. மின்கலத்துக்கு உள்ளேயே இருக்கும் அகமின்தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். எது நன்றாக எரியும், எது மங்கலாக எரியும் என்று வரிசைப்படுத்திக் காரணம் சொல்ல வேண்டும். எண் எதுவும் தரப்படவில்லை, கணக்குப் போடவும் தேவையில்லை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டெர்மட்டும் அவருடைய குழுவினரும் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் மாணவர்களிடம் கேட்டார்கள். 1992இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, முதலாண்டு இயற்பியல் மாணவர்களில் சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம். பாடம் நடத்துவதற்கு முன்பு கேட்டாலும், நடத்தி முடித்த பிறகு கேட்டாலும் இந்த அளவு பெரிதாக மாறவில்லை. பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டபோதும் இதே வகைத் தவறுகள் வந்தன.

விடை இதுதான்: தனிப் பல்பும், பக்க இணைப்பில் உள்ள இரண்டும் ஒரே அளவு எரியும். தொடரிணைப்பில் உள்ள இரண்டும் அதைவிட மங்கலாக, ஆனால் தங்களுக்குள் சமமாக எரியும். தவறாகச் சொன்னவர்களிடம் இரண்டு எண்ணங்கள் அடிக்கடி தென்பட்டன. மின்னோட்டம் முதல் பல்பில் கொஞ்சம் செலவாகிவிடுகிறது, மிச்சம்தான் அடுத்த பல்புக்குப் போகிறது என்பது ஒன்று. எந்தச் சுற்றில் இணைத்தாலும் மின்கலம் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் தரும் என்பது இன்னொன்று. இரண்டாவது எண்ணம் உள்ளவர், பக்க இணைப்பில் மின்னோட்டம் பிரிந்துபோவதால் அந்தப் பல்புகள் மங்கும் என்று உறுதியாகச் சொல்வார். அவரிடமே R₁, R₂ மதிப்புகளைக் கொடுத்துத் தொகுபயன் மின்தடை கேட்டால் தவறில்லாமல் போட்டுவிடுவார்.

இயற்பியல் ஆசிரியர்களுக்கு எந்த மாதிரி உதவி தேவை என்ற பேச்சை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். நம் ஊரில் ஆசிரியர் பயிற்சி என்றதும் கற்பித்தல் முறை, வகுப்பறை மேலாண்மை, மதிப்பீடு, செயலி, மடிக்கணினி என்று போகிறோம். அவையும் வேண்டியவைதான். ஆனால் தமிழ் ஆசிரியருக்கும் வரலாற்று ஆசிரியருக்கும் இயற்பியல் ஆசிரியருக்கும் பொதுவாக ஒரே பயிற்சி கொடுத்தால், இயற்பியலுக்கே உரிய இந்தச் சிக்கலை அது தொடவே தொடாது. பாடத்தை அறிந்திருப்பது ஒன்று, அந்தப் பாடத்தில் ஒரு பிள்ளை எங்கே இடறும், ஏன் இடறும், எந்தக் கேள்வி கேட்டால் எழுந்துகொள்ளும் என்று அறிந்திருப்பது வேறொன்று. கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் இந்த இரண்டாவது அறிவை ஆசிரியத் தொழிலுக்கே உரிய தனி அறிவு என்று பிரித்துக் காட்டினார். எம்.எஸ்சி.யில் அது கிடைப்பதில்லை. அங்கே குவாண்டம் இயங்கியல் இருக்கிறது, புள்ளியியல் இயங்கியல் இருக்கிறது, ஐந்து பல்புகள் இல்லை. பி.எட்.டில் அரைகுறையாகத்தான் கிடைக்கிறது. பிறகு வேலையில் சேர்ந்து வகுப்பெடுத்தே கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குத் துணையாக யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

மின்சாரத்துக்கு மட்டும் இந்த நிலை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு நாணயத்தை மேலே சுண்டிவிடுகிறோம். கையை விட்டுக் கிளம்பிய பிறகு, மேலே போய்க்கொண்டிருக்கும்போது அதன்மீது என்னென்ன விசைகள் செயல்படுகின்றன? காற்றுத் தடையை விட்டுவிட்டால் புவியீர்ப்பு விசை மட்டும்தான். ஆனால் 'கை கொடுத்த விசை' இன்னும் உள்ளே இருந்து அதை மேலே தள்ளுகிறது என்று சொல்கிறவர்களே அதிகம். லாரியும் காரும் மோதினால் லாரிதான் காரின்மீது அதிக விசை செலுத்தும் என்பதும் இந்த ரகம். மூன்றாம் விதியை மனப்பாடமாகச் சொல்கிறவர்களிடமும் இந்த எண்ணம் இருக்கும்.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹெஸ்டெனஸும் இப்ராஹிம் ஹலூனும் இப்படிப்பட்ட கேள்விகளை ஒரு சோதனையாகத் தொகுத்து, 1985இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பின்னர் அது விரிந்து 1992இல் விசைக் கருத்துச் சோதனை என்று உலகம் முழுக்கப் பரவியது. இப்போதைய வடிவில் 30 கேள்விகள், எல்லாமே பலவுள் தெரிக வகை. ஹார்வர்டின் எரிக் மஸூர், தன் மாணவர்களுக்கு இதெல்லாம் மிகச் சுலபம் என்று எண்ணித்தான் இந்த வகைச் சோதனையைக் கொடுத்தார். அப்போது ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிற மாதிரி எழுதவா என்று அவரிடம் கேட்டார். மஸூர் தன் வகுப்பு நடத்தும் முறையையே மாற்றிக்கொள்ள அது காரணமாயிற்று.

1998இல் ரிச்சர்ட் ஹேக் 62 வகுப்புகளிலிருந்து 6,542 மாணவர்களின் முன்தேர்வு, பின்தேர்வு மதிப்பெண்களைத் திரட்டினார். முன்தேர்வில் தெரியாமலிருந்ததில் எவ்வளவு பங்கைப் பாடம் முடிவதற்குள் கற்றுக்கொண்டார்கள் என்பது அவருடைய அளவுகோல். ஆசிரியர் பேச மாணவர் கேட்கும் வழக்கமான வகுப்புகளில் அந்தப் பங்கு சராசரியாக 0.23. மாணவர்கள் கையால் செய்து, தங்களுக்குள் பேசி, உடனுக்குடன் திருத்திக்கொள்ளும் வகுப்புகளில் 0.48. அதாவது 40 மதிப்பெண்ணில் தொடங்கும் வகுப்பு ஒரு வகையில் 54 வரை போகிறது, இன்னொரு வகையில் 69 வரை. இரட்டிப்புக்கு மேலான கற்றல். இதைப் பார்த்தவுடன் 'அப்படியானால் எல்லா ஆசிரியர்களும் இனி அந்த வகையிலேயே நடத்தட்டும்' என்று சொல்லத் தோன்றும். சொல்லியும் பார்த்தார்கள். சொல்வதால் நடப்பதில்லை.

ஏனென்றால் தான் ஒரு முறைகூட அனுபவித்திராத ஒரு வகுப்பை ஒருவரால் நடத்த முடியாது. பள்ளியிலும் கல்லூரியிலும் கரும்பலகையைப் பார்த்துக் குறிப்பெடுத்தே படித்தவர், கேள்வி கேட்டு வகுப்பு நடத்துவது எப்படி என்று எங்கே போய்ப் பார்ப்பார்? மெக்டெர்மட் இதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். ஆசிரியர்களுக்காக அவர் நடத்திய கோடைப் பயிற்சிகளில் விரிவுரை கிடையாது. ஒரு மின்கலம், ஒரு பல்பு, ஒரே ஒரு கம்பி. எரிய வை. இப்படித் தொடங்கும். பல்பின் எந்த இரண்டு இடங்களைத் தொட வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே சிலருக்கு நேரம் ஆகும். அங்கிருந்து மின்னோட்டம் என்ற கருத்தை, அதற்குப் பிறகு மின்தடையை, அவர்களே படிப்படியாகக் கட்டி எழுப்புவார்கள். இடையிடையே பயிற்றுநர் வந்து கேள்வி கேட்பார். விடையைச் சொல்லிவிட்டுப் போக மாட்டார்.

இதே எண்ணத்தைப் பள்ளி ஆசிரியர்களிடம் பெரிய அளவில் கொண்டுபோனது அரிசோனாவின் மாதிரியாக்கப் பயிற்சி. அதற்கு வழி போட்டவர் மால்கம் வெல்ஸ் என்ற பள்ளி ஆசிரியர். ஆய்வகச் செயல்பாடுகளுக்கு நிறைய இடம் கொடுத்து நடத்திய அவருடைய வகுப்பிலேயே மேலே சொன்ன சோதனையில் மாணவர்கள் எதிர்பார்த்த அளவு தேறவில்லை. அவர் அதை மூடி மறைக்காமல் ஹெஸ்டெனஸிடம் போய் முனைவர் பட்டத்துக்கே அதை ஆய்வாக எடுத்துக்கொண்டார். 1994இல் அவர் இறந்தபோது, அந்த முறையை மற்ற ஆசிரியர்களுக்குக் கற்றுத்தரும் கோடைப் பயிற்சிகள் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியோடு தொடங்கியிருந்தன.

இந்தப் பயிற்சியின் முதல் வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பேட்டரியில் ஓடும் ஒரு பொம்மைக் கார் தரையில் ஒரே வேகத்தில் ஊர்ந்து போகும். இதில் எதையெல்லாம் அளக்கலாம் என்று கேட்பார்கள். ஆசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து, குறிப்பிட்ட விநாடிகளுக்கு ஒரு தடவை கார் இருக்கும் இடத்தைக் குறித்து, வரைபடம் போட்டு, ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி எல்லோரும் பார்க்க நிறுத்துவார்கள். ஒரு குழுவின் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகும், இன்னொரு குழுவினுடையது மேலே வெட்டும், மூன்றாவது குழுவின் கோடு கீழ்நோக்கிச் சரியும். கார் ஒன்றுதான், கோடு ஏன் இத்தனை விதம்? எங்கிருந்து அளந்தார்கள், எந்தப் பக்கம் ஓட்டினார்கள் என்று விசாரணை போகும். சாய்வு என்றால் என்ன என்று கேட்டால் பதினைந்து வருட அனுபவம் உள்ளவரும் முதலில் சூத்திரத்தைத்தான் சொல்வார். சரி, உங்கள் பலகையில் உள்ள 0.3 அந்தக் காரைப் பற்றி என்ன சொல்கிறது என்று அடுத்த கேள்வி வரும். ஒவ்வொரு விநாடியும் கார் இன்னும் 0.3 மீட்டர் தள்ளிப் போகிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லும்வரை விட மாட்டார்கள். முதலில் மாணவராக இருந்து இதைச் செய்துவிட்டு, அதற்குப் பிறகு ஆசிரியராக அதை நடத்திப் பார்ப்பார்கள். ஒரு பயிற்சி ஏறக்குறைய மூன்று வாரம் ஓடும். பயிற்சி பெற்ற ஆசிரியர்களே 2005இல் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கிக்கொண்டார்கள். அரசு நிதி நின்றாலும் வேலை நிற்கக் கூடாது என்பதற்கு அது உதவியது.

இந்த மூன்று வாரம் என்பதை நம் பணியிடைப் பயிற்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாநில அளவில் முதன்மைக் கருத்தாளர்களுக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்கு, அவர்கள் ஒன்றிய அளவில் ஆசிரியர்களுக்கு. தலைமடையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருவதற்குள் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகிறது. மூன்று நாள் விஷயம் ஒரு நாளாகி, ஒரு நாள் பவர்பாயிண்ட் ஆகி, கடைசியில் ஆசிரியர் கைக்கு வருவது ஒரு பிடிஎஃப். 2019இல் ஒன்றிய அரசு தொடங்கிய நிஷ்தா பயிற்சி கொரோனா காலத்தில் திக்ஷா என்ற இணையவழிக் கற்றல் தளத்துக்கு மாறியபோது இந்தச் சிக்கல் வேறு உருவம் எடுத்தது. வீடியோ பார்த்து, வினாடி வினா முடித்து, சான்றிதழ் எடுக்க வேண்டும். லட்சக்கணக்கானவர்களை ஒரே சமயத்தில் எட்டியது உண்மையிலேயே பெரிய காரியம். ஆனால் உங்கள் பலகையில் உள்ள 0.3 என்ன சொல்கிறது என்று வீடியோ திரும்பக் கேட்காது. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில்முறை மேம்பாடு வேண்டும் என்கிறது. மணிக்கணக்கை எட்டுவது கடினமில்லை. அந்த 50 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் இயற்பியல் ஆசிரியர் இயற்பியலோடு இருந்தார் என்று கேட்பதுதான் முக்கியம்.

தமிழ்நாட்டில் இன்னொரு நிலைமையும் உண்டு. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் திறந்தால் இயக்க விதிகள், ஒளியியல், வெப்ப இயற்பியல், மின்னோட்டவியல், ஒலியியல், அணுக்கரு இயற்பியல் என்று முதல் ஆறு பாடங்களும் இயற்பியல்தான். அதை நடத்துகிற அறிவியல் பட்டதாரி ஆசிரியர் தாவரவியலோ விலங்கியலோ படித்து வந்தவராக இருக்கலாம். கல்லூரியில் முதன்மைப் பாடமாக இயற்பியலைத் தொடாதவர், உந்த மாறுபாட்டு வீதத்தையும் லென்சுச் சூத்திரத்தையும் நடத்த வேண்டும். பெரும்பாலானோர் உழைத்துப் படித்து நன்றாகவே நடத்துகிறார்கள். ஆனால் அந்த உழைப்பைத் தனியாகச் செய்யவிடுகிறோம். இங்கிலாந்திலும் இதே பிரச்சினை உண்டு. உயிரியல், வேதியியல் படித்தவர்கள்தான் அங்கே பல பள்ளிகளில் இயற்பியல் எடுக்கிறார்கள். அதற்காக அந்நாட்டு இயற்பியல் கழகம் அனுபவமுள்ள இயற்பியல் ஆசிரியர்களைப் பள்ளிகளுக்கே அனுப்பி, அந்த ஆசிரியரோடு உட்கார்ந்து வேலை செய்ய வைத்தது. ஒரு நாள் கூட்டம் போடுவதைவிடச் செலவு அதிகம்தான். பலனும் அதற்கேற்ப இருக்கும்.

சரி, சோதனை செய்து காட்டினால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும், அதற்கு எதற்கு இவ்வளவு ஏற்பாடு என்று கேட்கலாம். மறுபடியும் பல்புக்கே வருகிறேன். கடையில் வாங்கிய இரண்டு டார்ச் பல்புகளைத் தொடரிணைப்பில் இணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று கொஞ்சம் கூடுதலாகவும் ஒன்று கொஞ்சம் மங்கலாகவும் எரியும். ஒரே பெட்டியிலிருந்து எடுத்தாலும் இழைகள் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. மின்னோட்டம் முதல் பல்பில் செலவாகிறது என்று நினைக்கிற பிள்ளைக்கு இது கண்கூடான ஆதாரம் ஆகிவிடும். பக்க இணைப்பு இன்னும் மோசம். பழைய மின்கலத்துக்கு அகமின்தடை கணிசமாக இருக்கும், இரண்டாவது பல்பை இணைத்ததும் முதல் பல்பு கண்ணுக்குத் தெரியும்படி மங்கும். புத்தகம் ஒன்று சொல்கிறது, மேசை வேறொன்று சொல்கிறது. நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு முறை இப்படி மாட்டிக்கொண்ட ஆசிரியர் அடுத்த வருடம் பெட்டியைத் திறக்க யோசிப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

தீர்வு எளிமையானதுதான். தொடரிணைப்பில் இரண்டு பல்புகளையும் இடம் மாற்றிப் போட வேண்டும். கூடுதலாக எரிந்த பல்பு எந்த இடத்துக்குப் போனாலும் கூடுதலாகவே எரியும். அப்படியென்றால் வித்தியாசம் பல்பில் இருக்கிறது, வரிசையில் இல்லை. பக்க இணைப்புக்குப் புதிய மின்கலம் போட வேண்டும், அல்லது மங்குவதையே அடுத்த பாடத்தின் கேள்வியாக்கி அகமின்தடைக்கு நுழைய வேண்டும். இதை ஒரு தடவை செய்து பார்த்தவர் பக்கத்தில் இருந்து சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடிகிற விஷயம். யாரும் சொல்லாவிட்டால் வருடக்கணக்கில் பெட்டி மூடியே இருக்கும்.

அந்த ஐந்து நிமிடத்தை ஒரு முறைமையாகவே அமைத்துக் காட்டிய இடம் நம் நாட்டில் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டம், இப்போது நர்மதாபுரம். 1972இல் கிஷோர் பாரதி, ரசூலியாவில் உள்ள நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு அமைப்புகள் அரசின் அனுமதியோடு 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கின. 1978இல் மாவட்டம் முழுவதும் பரவியது. 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. எல்லாம் சாதாரண அரசுப் பள்ளிகள், சாதாரண அரசு ஆசிரியர்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் முழுவதையும் பிள்ளைகள் சோதனை செய்தே படித்தார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறைத் தேர்வும் உண்டு.

இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மலிவான சோதனைப் பெட்டியையும் புத்தகத்தையும்தான் அதிகம் பாராட்டுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஆசிரியருக்கு அங்கே கிடைத்த துணை. கோடையில் சுமார் மூன்று வாரப் பயிற்சி, அதுவும் ஒவ்வொரு வகுப்பின் பாடத்துக்கும் ஒரு கோடை. பிள்ளைகள் செய்யப்போகும் அதே சோதனைகளை ஆசிரியர்கள் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து செய்தார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், டெல்லி பல்கலைக்கழகம் போன்ற இடங்களிலிருந்து விஞ்ஞானிகள் வந்து அவர்களோடு தரையில் உட்கார்ந்தார்கள். பள்ளி திறந்த பிறகு மாதந்தோறும் அருகிலுள்ள மையத்தில் கூட்டம். போன மாதம் எந்தச் சோதனை வரவில்லை, எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை, பெட்டியில் எது தீர்ந்துபோயிற்று என்பதுதான் அங்கே பேச்சு. இடையில் ஒருவர் பள்ளிக்கே வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். ஆய்வுக்கு வந்த அதிகாரியாக அல்ல, கூட வேலை செய்கிறவராக. ஆசிரியர்கள் சொன்ன குறைகளை வைத்துப் பாடப்புத்தகமே திருத்தப்பட்டது. சில ஆண்டுகளில் அந்த ஆசிரியர்களில் பலர் மற்றவர்களுக்குக் கருத்தாளர்கள் ஆனார்கள்.

2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. அப்போது அது பல மாவட்டங்களில் ஏறக்குறைய ஆயிரம் பள்ளிகளில் நடந்துகொண்டிருந்தது. முப்பது வருட வேலை ஓர் உத்தரவில் நின்றுபோனதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் அந்த முப்பது வருடம், சாதாரண அரசு அமைப்புக்குள்ளேயே இது நடக்கும் என்பதைக் காட்டிவிட்டது.

ஆசிரியர்கள் தாங்களாகச் சேர்ந்துகொள்வதற்கும் ஒரு மரபு இருக்கிறது. இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் 1984இல் டி.பி. கண்டேல்வால் முயற்சியால் தொடங்கப்பட்டது. தேசிய அளவில் இயற்பியல் தேர்வுகள் நடத்துவதோடு சோதனைகளுக்கும் அது இடம் கொடுக்கிறது. கான்பூர் ஐஐடியில் பேராசிரியராக இருந்த எச்.சி. வர்மா அதன் வழியாக அன்வேஷிகா என்ற சோதனை மையங்களைப் பல ஊர்களில் உருவாக்க உழைத்தார். ஆசிரியர் நேரில் வந்து கருவியைத் தொட்டுப் பார்க்க ஓர் இடம் என்பதுதான் அதன் அழகு. நம் மாநிலத்தில் 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையான அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதனைகளைக் கொண்டுபோகிறது. வெளியிலிருந்து வருகிற தன்னார்வலர் செய்து காட்டிவிட்டுப் போகும்போது, வகுப்பு ஆசிரியர் அதைத் தானே செய்யவும் கேள்வி கேட்கவும் நேரம் ஒதுக்கினால், அதே செலவில் இரண்டு வேலை நடக்கும்.

மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியரின் நிலை இதில் தனி. ஒரு பள்ளியில் இயற்பியலுக்கு ஒரே ஒருவர் இருப்பதுதான் சாதாரணம். பக்கத்து மேசையில் வேதியியல், கணிதம் உண்டு, இயற்பியல் பேச ஆள் இல்லை. 2018 முதல் புதிய பாடத்திட்டம் வந்து பாடம் கனத்தது. மறுபக்கம் நீட். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10 என்ற கணக்கில், ஆய்வகம் தேர்வு நெருங்கும்போதுதான் சுறுசுறுப்பாகிறது. மின்தடையை அளக்கும் மீட்டர் சமனச்சுற்றில் முள் ஒரே பக்கமாக விலகினால் எந்த இணைப்பைப் பார்க்க வேண்டும் என்பதைப் புறத்தேர்வர் வருவதற்கு முன்தினம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுக்கள் வைத்திருக்கிறார்கள். வினாத்தாள், ஒரு மதிப்பெண் விடைக்குறிப்பு, எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளப் பதிவு பற்றிய சந்தேகம் எல்லாம் அங்கே உடனே தீர்கிறது. நாணயத்தின்மீது மேல்நோக்கி விசை இருக்கிறதா என்ற சந்தேகத்தை அங்கே எழுப்பத்தான் தயக்கம். எம்.எஸ்சி. முடித்து, ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்விலும் வென்று வந்தவர் இதைக் கேட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். கூச்சம் இருக்கிற இடத்தில் எந்தப் பயிற்சியும் ஆழமாகப் போகாது. சியாட்டிலில் ஆசிரியர்களும் தவறினார்கள் என்ற ஆய்வு முடிவை நம் பயிற்சிகளின் முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

இதைத் தொடங்கப் புதிய துறை எதுவும் தேவையில்லை. நம் ஊர்ப்பக்கமே அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன, அவற்றில் இயற்பியல் துறையும் ஆய்வகமும் உண்டு. ஒரு கல்லூரிக்குச் சுற்றுவட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு மேல்நிலைப் பள்ளிகளை இணைத்து, மாதம் ஒரு சனிக்கிழமை இயற்பியல் ஆசிரியர்கள் மட்டும் அங்கே கூடலாம். ஆன் டியூட்டியும் பயணப்படியும் தர வேண்டும். சொந்தச் செலவில், சொந்த விடுமுறையில் வா என்றால் இரண்டாவது மாதமே கூட்டம் கலையும். அடுத்த மாதம் நடத்தப்போகும் பாடத்திலிருந்து ஒரே ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு எல்லோரும் கையால் செய்ய வேண்டும். வராத சோதனையைப் பள்ளியிலிருந்து கருவியோடு எடுத்து வரலாம் என்ற வழக்கமும் வேண்டும். கல்லூரிப் பேராசிரியர் பேசுவதற்காக வராமல், கூட உட்கார்ந்து செய்ய வர வேண்டும். முதல் மாதத்துக்கு ஐந்து பல்புகளையே வைத்துக்கொள்ளலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: டார்ச்சுகள் எல்லாம் எல்இடிக்கு மாறிவிட்டதால் இழை பல்பு முன்போல எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.